நாலு பேக்கா, அஞ்சு பேக்கா? அடிக்கடி கோல் வாங்கும் அணிக்கு எந்த டிஃபென்ஸ்

வரிசையாக நாலு மேட்ச் தோற்றால், பின்னால் இன்னொரு ஆளை, அதாவது இன்னொரு பேக்கைப் போடுவதுதான் மதுரைப் பக்கத்து ஃபுட்பால் டீம்கள் பலவும் எடுக்கும் முதல் முடிவு. அதற்கு முன்னால் ஒரு தாளில் மைதானத்தை வரையுங்கள். கடைசியாக வாங்கிய பத்து கோலுக்கும் கடைசி பாஸ் எங்கிருந்து வந்ததோ, அங்கே புள்ளி வையுங்கள். புள்ளிகள் எங்கே குவிகின்றனவோ அதைப் பார்த்துத்தான் தேர்வு.

புள்ளிகள் இரண்டு ஓரங்களில் குவிந்தால் 5-4-1 உதவும்: பின்னால் அஞ்சு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் ஒருவர். பெனால்டி ஏரியாவின் அகலம் 40.32 மீட்டர். அதில் நாலு பேர் பரவி நின்றால் ஆளுக்கு ஆள் 13 மீட்டருக்கு மேல் சந்து விழும். அஞ்சு பேர் நின்றால் 10 மீட்டர்தான். ஓரத்திலிருந்து கிராஸ் வரும்போது தூரத்து கோல் போஸ்ட்டில் ஆள் இருப்பார். 2014 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகா அஞ்சு பேக் வைத்து 5 மேட்சில் 2 கோல்தான் வாங்கியது, ஷூட் அவுட் நீங்கலாக. ஆனால் அவர்கள் கோல் வாயிலில் பதுங்கவில்லை. பேக் லைனை மேலே ஏற்றி எதிராளியை ஆஃப்சைடில் சிக்கவைத்தார்கள். லைன்ஸ்மேன் கொடியை நம்ப முடியாத மேட்சில் அதைச் செய்யவே கூடாது. லைன் இறங்கிவிட்டாலோ, அடித்து விலக்கிய பந்தைப் பிடித்து வைக்க முன்னால் ஒரே ஆள்தான். பந்து உடனே திரும்பி வரும். சித்திரை வெயிலில் நாலு மணி மேட்ச் என்றால், ஓரத்தில் மேலும் கீழும் ஓடும் இரண்டு பேரும் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடுவார்கள். இரண்டு மாற்று ஆட்களை அவர்களுக்கென்றே ஒதுக்க முடிந்தால் மட்டும் இதை எடுங்கள்.

ஸ்டாப்பர்களுக்கு, அதாவது நடுவில் நிற்கும் இரண்டு பேக்குகளுக்கு முன்னால் விழும் பந்தில்தான் கோல் என்றால் 4-1-4-1: நாலு பேக்குகளுக்கு முன்னால் ஒற்றை ஆள், அவருக்கு முன்னால் நாலு பேர், கடைசியில் ஒருவர். நம் ஊர்க் கட்டாந்தரையில் உயரமாக வரும் பந்து ஸ்டாப்பர் தலைக்கு மேல் எம்பும். ஒருவர் பவுன்ஸ் ஆகும் முன்பே ஹெட் பண்ணவேண்டும், இன்னொருவர் ஏழெட்டு மீட்டர் பின்னால் நிற்கவேண்டும், சிதறும் பந்து முன்னால் நிற்கும் அந்த ஒற்றை ஆளுக்கு. அவர் பந்தைத் துரத்தி ஓரத்துக்குப் போய்விட்டால் எல்லாம் பாழ்.

மற்ற எல்லா நிலைமைக்கும் என் ஓட்டு 4-4-2-க்கு. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2015-16 பிரீமியர் லீக்கில் முதல் 9 லீக் மேட்சிலும் கோல் வாங்கியது, மொத்தம் 17. கோச் ரனியேரி அஞ்சு பேக்குக்குப் போகவில்லை. முன்னேறி ஓடும் சைடு பேக்குகளை எடுத்துவிட்டு, இடத்தில் நிற்கும் ஃபூக்ஸையும் சிம்ப்சனையும் போட்டார். மிச்சம் 29 மேட்சில் 19 கோல்தான், சாம்பியன்.

4-4-2-ல் உடைவது பேக் வரிசைக்கும் அதற்கு முன்னால் நிற்கும் நாலு பேர் வரிசைக்கும் நடுவே. அந்தத் தூரம் 12 மீட்டரைத் தாண்டினால் எதிராளி அங்கே திரும்பி நின்று ஆடுவான். பேக்குகளுக்கு இடையே பக்கவாட்டு தூரமும் சரியாக இருக்கவேண்டும். அதற்கு பிராக்டிஸில் பத்து மீட்டர் கயிறு மூன்று எடுத்து, நாலு பேக்குகளையும் இடுப்பில் வரிசையாக இணைத்துக் கட்டுங்கள். பந்தை ஓரத்துக்கு ஓரம் மெதுவாக நகர்த்துங்கள், தினம் 15 நிமிடம். கயிறு விறைத்தால் தூரத்து சைடு பேக் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். தரையில் புரண்டால் நெருக்கியடித்து நிற்கிறார்கள். முதல் வாரம் நடந்தபடியே செய்யட்டும், ஓட்டம் அடுத்த வாரம்.