பீட்டாமெதசோன் ஒயின்ட்மென்ட்: வேலை செய்கிறதா என்று எதைப் பார்த்துச் சொல்வது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு நட்சத்திரம். என் எக்சிமாவுக்கு (தோல் அரித்து, தடித்து, வெடிக்கும் நோய்) தோல் டொக்டர் எழுதித் தந்த பீட்டாமெதசோன் வலரேட் 0.1 சதவீத ஒயின்ட்மென்ட், முழங்கை மடிப்புக்கும் முழங்காலுக்குப் பின்பக்கத்துக்கும். கழுத்துக்கு மட்டும் ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 சதவீதம். இரண்டும் ஸ்டீரொய்ட் மருந்துகள், இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் இதே டியூபை வாங்கிப் பூசிவிட்டு "ஒன்றும் சரிவரவில்லை" என்று சொல்பவர்கள் என்னைச் சுற்றி நிறையப் பேர், ஒபீசில், சொந்தத்துக்குள், மேல் மாடி வீட்டில். கொஞ்சம் கிண்டிக் கேட்டால், கடி (அரிப்பு) நின்றுவிட்டது, இரவில் நித்திரை வருகிறது, தோலும் வெடிப்பதில்லை, "ஆனா கறுப்பு அப்படியே இருக்கே" என்பார்கள்.

அந்தக் கறுப்பு எக்சிமா இல்லை. எக்சிமா ஆறிய இடத்தில் நிறமி தங்கிவிட்டது, அவ்வளவுதான். நம் தோலில் அது மங்க மாதக்கணக்கில் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும், ஸ்டீரொய்ட் அதைப் போக்குவதற்கான மருந்தே கிடையாது. கறுப்புப் போகும்வரை விடமாட்டேன் என்று தொடர்ந்து பூசினால் தோல் மெலிவதுதான் மிச்சம். படங்களில் எக்சிமா என்றால் சிவப்புத் திட்டு, ஏனென்றால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. நமக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, சாம்பலாகவோ ஊதா கலந்த கபிலமாகவோ இருக்கும், சிலருக்கு மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் குருக்களாக வரும். அதனால் சிவப்புக் குறைந்ததா என்று பார்ப்பதிலும் பயனில்லை, பழைய நிறம் திரும்பியதா என்று பார்ப்பதிலும் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பும் சொரசொரப்பும் இருந்தால் எக்சிமா இன்னும் அங்கே இருக்கிறது. பக்கத்துத் தோல் மாதிரியே தட்டையாக, மிருதுவாக இருந்து நிறம் மட்டும் வேறென்றால் மருந்து தன் வேலையை முடித்துவிட்டது.

தடவிப் பார்ப்பதை நம்பாதவர்களுக்குப் 'போயம்' (POEM) என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் உருவாக்கி 2004இல் வெளியிட்டார்கள். ஏழே கேள்விதான்: போன வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு நித்திரை குழம்பியது, எத்தனை நாள் இரத்தம் கசிந்தது, நீர் வடிந்தது, தோல் வெடித்தது, செதில் உதிர்ந்தது, காய்ந்து சொரசொரத்தது. ஒரு நாளும் இல்லை என்றால் 0, ஒன்றிரண்டு நாள் என்றால் 1, மூன்று நாலு நாளுக்கு 2, ஐந்து ஆறு நாளுக்கு 3, தினமும் என்றால் 4. கூட்டினால் அதிகபட்சம் 28. 2 வரைக்கும் கிட்டத்தட்டச் சுகம், 7 வரை லேசு, 16 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. நிறத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, கவனித்தீர்களா? பூசத் தொடங்குமுன் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை காலண்டரின் மூலையில் அந்த எண்ணைக் குறித்து வைத்தால் போதும். நாலு புள்ளி குறைந்தாலே அது உண்மையான மாற்றம். நான் கிளினிக்குக்கு அந்த எண்களோடுதான் போகிறேன், "கொஞ்சம் பரவாயில்லை டொக்டர்" என்று இழுப்பதை விட அது எவ்வளவோ மேல்.

சரி, எண் இறங்கவேயில்லை என்றால்? முதலில் அளவைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீரொய்ட் என்ற பெயரைக் கேட்டதும் பயந்து பொட்டு வைப்பது போலத் தொட்டு வைக்கிறோம். பெரிய ஆளின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமான தோலுக்குக் காணும். இந்தக் கணக்கில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு முழுக் கைக்கு மூன்று விரல்நுனி, அதாவது ஒன்றரைக் கிராம். இரண்டு கையிலும் முழுக்க எக்சிமா இருந்து நாளுக்கு ஒருமுறை பூசினால் 15 கிராம் டியூப் ஐந்து நாளில் முடிந்துவிடும். அதே டியூபைப் போன வருடப் பிறப்புக்கு வாங்கி இன்னும் சுருட்டிச் சுருட்டி வைத்திருப்பவர் மருந்து சரியில்லை என்றால் எப்படி ஒத்துக்கொள்வது? அவர் மருந்தைப் பூசவேயில்லை. மற்றப்படி நாளுக்கு ஒருமுறை பெரும்பாலும் போதும், இரண்டுமுறை பூசினால் இரட்டிப்புப் பலன் என்றெல்லாம் இல்லை.

டியூபில் இருக்கும் சதவீதமும் ஆளை ஏமாற்றும். 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோன் மென்மையானது, 0.1 சதவீத பீட்டாமெதசோன் வலரேட் வலுவானது, 0.05 சதவீத குளோபீட்டசோல் இருப்பதிலேயே மிக வலுவான வகை. வேறு வேறு மருந்துகளின் சதவீதத்தை ஒப்பிடவே கூடாது. போடும் இடமும் கணக்கு. 1967இல் செய்த ஓர் ஆய்வில், முன்கைத் தோல் உறிஞ்சிய ஹைட்ரோகோர்ட்டிசோனை 1 என்று வைத்தால் நெற்றி ஏறக்குறைய 6 மடங்கு, விதைப்பைத் தோல் 42 மடங்கு உறிஞ்சியது, உள்ளங்கால் 0.14 மட்டும்தான். காலுக்குத் தந்ததை முகத்தில் பூசக்கூடாது என்று டொக்டர் முறைப்பது இதனால்தான்.

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். கொழும்பு காலி வீதியில் ஒரு பாமசி, பெயர் வேண்டாம். கையை நீட்டிக் காட்டியதும் கவுன்டரில் நின்ற தம்பி "அக்கா, இது எல்லாத்துக்கும் கேக்கும், ரெண்டு நாளில போயிடும்" என்று ஒரு கலவைக் கிறீமை எடுத்து வைத்தார். ஸ்டீரொய்ட், பூஞ்சை மருந்து, அன்டிபயோட்டிக், மூன்றும் ஒரே டியூபில். பிரிஸ்கிரிப்ஷனும் கேட்கவில்லை, இது என்ன வருத்தம் என்றும் கேட்கவில்லை. இந்த வகைக்கு என்னிடம் ஒரு நட்சத்திரமும் இல்லை. எல்லாத் திட்டும் எக்சிமா ஆகிவிடாதே. படர்தாமரைக்கு ஸ்டீரொய்ட் பட்டால் இரண்டு நாளில் கடி நின்று "ஆஹா" என்றிருக்கும், பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும், பிறகு டொக்டருக்கே அடையாளம் தெரியாத உருவத்தில் திரும்பி வரும். அதற்கு மேல், இப்படிக் கலக்கிற நியோமைசின் என்ற அன்டிபயோட்டிக் சிலருக்கு அதுவே அலர்ஜியாகும், அப்போது மருந்து பூசப்பூச வருத்தம் கூடும். வேகமாகக் கடி நின்றது என்பதை மட்டும் வைத்து மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

திரும்பி வருகிறதே, அப்போ தோல்வி தானே என்று கேட்பவர்களுக்கு: எக்சிமா வந்து வந்து போகிற வருத்தம், கிறீம் அந்தந்த முறை கிளம்புவதை அடக்கும், வேரோடு பிடுங்காது. அம்மாவைக் கேட்டால் கத்தரிக்காயும் இறாலும் கிரந்தி (தோலில் கடியைக் கிளப்பும் சாப்பாடு), அதுதான் காரணம் என்பார், அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது இடைவெளியை. முன்பு மாதா மாதம் வந்தது இப்போது தள்ளிப்போகிறதா? அடிக்கடி ஒரே இடத்தில் வருபவர்களுக்கு, ஆறிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அந்த இடத்தில் பூசச் சொல்லும் முறை இருக்கிறது, டொக்டரிடம் கேளுங்கள். ஈரப்பதன் தரும் எண்ணெய்க் களிம்பு தினமும் கட்டாயம், அதை விட்டுவிட்டு ஸ்டீரொய்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் களிம்பில் பரபின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியிலும் சாமி விளக்குப் பக்கத்திலும் கவனம்.

சரியான அளவில், தினமும், இரண்டு வாரம் பூசியும் எண் அசையவில்லை என்றால் அடுத்த டியூபைக் கடையில் தேடாமல் டொக்டரிடம் திரும்பிப் போக வேண்டும். வலு போதாமல் இருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம் (மஞ்சள் பொருக்கு, நீர் வடிதல்), அல்லது அது எக்சிமாவே இல்லாமல் இருக்கலாம். குத்தி எடுத்த மாதிரிச் சின்னச் சின்னப் புண்கள் கூட்டமாக வந்து காய்ச்சலும் வலியும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அது ஹேர்பிஸ் வைரஸாக இருக்கலாம். முகத்தில் மாதக்கணக்கில் வலுவானதைப் பூசி நிறுத்தியதும் எரிந்து சிவந்து போகிறவர்களும் இருக்கிறார்கள், இங்கிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. "வெள்ளையாக்கும்" கிறீம்களுக்குள்ளேயும் ஸ்டீரொய்ட் இருந்து பிடிபட்ட கதைகள் உண்டு, ஆகவே அவற்றையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

அந்த ஒரு நட்சத்திரத்தை எதற்குக் குறைத்தேன் என்றால், பிசுபிசுப்பு. கொழும்பு வெக்கையில் ஒயின்ட்மென்டைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவது தண்டனை, வியர்வையும் சேர்ந்தால் சட்டைக் கை முழுக்க எண்ணெய்க் கறை. இதே மருந்து கிறீமாகவும் வருகிறது, நீர் வடியும் இடத்துக்கு அதுதான் நல்லது, ஆனால் காய்ந்து தடித்த இடத்தில் ஒயின்ட்மென்ட்தான் பிடிக்கிறது. அதனால் இரவில் குளித்துவிட்டுப் பூசிக்கொள்கிறேன். உள்ளே இருந்த துண்டுச்சீட்டு முழுக்க ஆங்கிலம், எழுத்தும் எறும்பளவு, அதற்கும் சேர்த்துத்தான் குறைத்தேன்.

வாங்குவதென்றால் பிரிஸ்கிரிப்ஷனில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். தர்மபால மாவத்தையில் இருக்கும் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் அந்தப் பெயரைக் காட்டி வேறு கம்பனியின் டியூப் இருக்கிறதா, விலை என்ன என்று கேட்கலாம். பெட்டியை வாங்கியதும் கவுன்டரிலேயே பெயருக்குப் பின்னால் என் (N) அல்லது சி (C) என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஒட்டியிருந்தால் அது வெறும் பீட்டாமெதசோன் இல்லை, வேறு மருந்தும் சேர்த்த கலவை, திருப்பிக் கொடுத்துவிட்டு எழுதித் தந்ததைக் கேளுங்கள்.