ரூ., ₹, ௹: பில்லில் எதைப் போடுவது?

மாம்பழ சீசன் வந்தால் கிருஷ்ணகிரியில் என் டைப்பிங் கடைக்கு மண்டிக்காரர்களும், மாங்கூழ் ஆலைக்குச் சரக்கு போடுகிறவர்களும் கொட்டேஷன், பில் என்று வந்து நிற்பார்கள். பெங்களூரா ரக மாம்பழத்தின் டன் விலையை அடிக்க ஆரம்பித்ததும் கேள்வி வரும்: “அண்ணா, ரூ. போடறதா, அந்தக் கோடு போட்ட எழுத்தா?”

தமிழில் ஓடுகிற கடிதம், ஒப்பந்தம், ரசீது எதுவானாலும் என் ஓட்டு ரூ.-வுக்குத்தான். எந்தத் தமிழ் ஃபான்ட்டிலும் இருக்கும், பக்கத்து எழுத்தோடு ஒட்டிப் போகும். ஒரே தொல்லை, வரிக் கடைசியில் ‘ரூ.’ நின்றுவிட்டு 1,85,000 அடுத்த வரிக்குப் போய்விடும். வேர்டில் நடுவே வெறும் ஸ்பேஸ் தட்டாமல், கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டுங்கள். இரண்டும் பிரியாது.

எக்செல் என்றால் ₹தான். செல்லுக்குள் ரூ. என்று கையால் அடித்தால் எக்செலுக்கு அது எண்ணே இல்லை, வெறும் எழுத்து. நாற்பது வரி அடித்து முடித்துக் கூட்டல் போட்டால் பூஜ்யம் காட்டும். எண்ணை மட்டும் அடித்துவிட்டு, ஃபார்மேட் செல்ஸில் கரன்சிக்குப் போய் ₹ தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் ரீஜன் இந்தியா என்று இருந்தால் 185,000 என்பது நம் லட்சக் கணக்குப்படி 1,85,000 ஆகிவிடும். வேர்டில் ₹ வேண்டுமா? கீபோர்டு ‘இங்கிலீஷ் இந்தியா’ என்றால் வலது ஆல்ட்டோடு 4. இல்லாவிட்டால் ஆல்ட்டை அழுத்தியபடி வலப்பக்க நம்பர் பேடில் 8377.

உதயகுமார் வரைந்த இந்த ₹-ஐ அரசு ஏற்றது 2010 ஜூலையில். அக்டோபரிலேயே, எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் பொது எண் கொடுக்கிற யூனிகோடிலும் சேர்ந்துவிட்டது. இடைப்பட்ட அவசரத்தில், டில்டே கீயை (~, ` இரண்டும் இருக்கிற கீ) தட்டினால் ₹ விழுகிற மாதிரி ஒரு ஃபான்ட் சுற்றியது. நானும் அதில் ஒரு கொட்டேஷன் அடித்து மெயிலில் அனுப்பினேன். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அது `1,85,000 என்று திறந்தது. “ரூபாயைக் காணோம், மேலே ஏதோ கீறல்தான் இருக்கு” என்று பார்ட்டி போன் போட்டார். பழைய ஃபைல்களில் இன்றைக்கும் அந்தக் கீறல் தட்டுப்படும்.

௹ நம் பழைய கணக்கு நோட்டுக் குறி. யூனிகோடில் பற்று, வரவு, மேற்படிக் குறிகளோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் மண்டியில் கொடுத்தால், “இது என்ன எழுத்துண்ணா?” என்று பில்லைத் திருப்பி நீட்டுவார்கள்.