ஒரு கால் கணக்கு, இரண்டு கால் கணக்கு: அசியோமா டுவோ பெடலும் கார்மின் எட்ஜ் 540-உம்

“அக்கா, இதுல இடது கால் கணக்கு மட்டும்தான் வரும். அதையே ரெண்டால பெருக்கிக் காட்டும்.”

கால் மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் காட்டும் கருவியான பவர் மீட்டரை, என் முதல் மீட்டரை, மாட்டிக் கொடுத்தபோது அடையாற்றில் எனக்கு சைக்கிள் வேலை பார்க்கும் தம்பி சொன்னது இது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த நிமிடம் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடம் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பவர் மீட்டர் வாங்க நினைக்கிற யாரும் அந்தத் தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில், பவர் மீட்டர் எதற்கு? திருவான்மியூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்புகிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மார்கழியில் போகும்போது வாடைக்காற்று முதுகில் தள்ளும். மணிக்கு 31 கிலோமீட்டரில் பறப்பேன். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். முட்டுக்காடு பாலத்தின் மேல் 20-ஐத் தொடுவதே பாடு. இரண்டு பக்கமும் நான் மிதித்தது அதே 120 வாட்தான். வேகத்தைப் பார்த்து ஓட்டியிருந்தால் போகும்போது சும்மா இருந்துவிட்டு, வரும்போது காற்றோடு சண்டை போட்டுக் காலைத் தீர்த்திருப்பேன். இதயத்துடிப்பும் நம் ஊரில் முழுத்துணை இல்லை. சித்திரை வெயிலில் அதே 120 வாட்டுக்கு எனக்கு நிமிடத்துக்குப் பதினைந்து துடிப்பு கூட வருகிறது. உடம்பு சூட்டைத் தணிக்கப் படும் பாடு அது, காலின் வேலை அல்ல.

பவர் மீட்டர் செய்வது இரண்டே அளவு. நாம் அழுத்தும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது; அதில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் அந்த வளைவை அளக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் முறுக்கு விசையை கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுற்றும் வேகத்தோடு பெருக்கினால் வாட். ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் 1986-இல் எஸ்ஆர்எம் கருவியை உருவாக்கிய காலத்திலிருந்து அடிப்படை இதுதான். அளக்கும் இடம்தான் மாறுகிறது: பெடலில், கிராங்க் கையில், சங்கிலிச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பைடரில், பின் சக்கர ஹப்பில். ஸ்பைடரும் ஹப்பும் இரண்டு காலும் சேர்ந்த மொத்தத்தை அளக்கும். இடது கிராங்க் கை மட்டும் என்றால் இடது காலை அளந்து இரட்டிப்பாக்கும். விலை குறைவு என்பதால் நம்மில் பலர் ஆரம்பிப்பது அதில்தான்.

நானும் அதில்தான் ஆரம்பித்தேன், பழையது ஒன்றை வாங்கி. பிராண்ட் பெயர் வேண்டாம். ஒரு நவம்பர் மழையில் பட்டன் பேட்டரி மூடிக்குள் தண்ணீர் இறங்கி, எண்கள் 90-க்கும் 240-க்கும் தாவ ஆரம்பித்தன. மூடியைத் திறந்தால் ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிதுங்கி, ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஃபவேரோ நிறுவனத்தின் அசியோமா டுவோ, பவர் மீட்டர் உள்ளேயே இருக்கும் பெடல். இந்த இத்தாலிக்காரர்கள் வாள்வீச்சுப் போட்டிக்கு மதிப்பெண் காட்டும் மின்கருவி செய்கிறவர்கள். நம் சென்னை பவானி தேவி ஒலிம்பிக்கில் வாள் பிடித்ததைப் பார்த்துச் சிலிர்த்தவள் நான். இந்தத் தகவல் தெரிந்தபோது எனக்கு அந்தப் பெடல் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

மாட்டுவது எளிது. 8 மில்லிமீட்டர் ஆலன் கீ போதும், சாதாரண பெடல் போலத்தான். செல்போன் ஆப்பில் பதிவு செய்து செயல்படுத்தி, கிராங்க் நீளத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். என்னுடையது 165 மில்லிமீட்டர். அங்கே 172.5 என்று இருந்தால் எண் நாலரை சதவீதம் கூடிவிடும். சந்தோஷமாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும்.

இனி நான் சொல்ல வந்தது. டுவோவில் இரண்டு பெடலிலும் தனித்தனி சென்சார். முதல் மாதம் இருபது நிமிட முழுவேக சோதனை செய்து கணக்கிட்டதில் என் எஃப்டிபி, அதாவது ஒரு மணி நேரம் போலத் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச சக்தி, 178 வாட் என்று வந்தது. பழைய கிராங்கில் 164. நான் திடீரென்று பலசாலி ஆகிவிடவில்லை. 178-இல் இடது கால் கொடுத்தது 82, வலது கால் 96. அந்த 82-ஐத்தான் பழைய கருவி இரண்டால் பெருக்கி 164 என்று சொல்லிக்கொண்டிருந்தது. இது பரவாயில்லை, எப்போதும் ஒரே அளவு குறைத்துச் சொன்னால் பயிற்சிக்கு அது போதும் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் ஒரே அளவு குறையவில்லை. நாலு மணி நேரப் பயணம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். முதல் மணி நேரம் 120 வாட், இடது பங்கு 46 சதவீதம். கடைசி மணி நேரம் 115 வாட், இடது பங்கு 43 சதவீதம். பழைய கிராங்க் இருந்திருந்தால் 110-இல் தொடங்கி 99-இல் முடித்திருக்கும். 5 வாட் இறக்கத்தை 11 வாட் இறக்கமாகக் காட்டியிருக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் எனக்குத் தெம்பு இல்லை, சாப்பாடு சரியில்லை, இன்னும் நீண்ட தூரம் ஓட்டிப் பழக வேண்டும் என்று ஒன்றரை வருடம் நம்பிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். தளர்ந்தது என் இடது தொடை. அந்தப் பயணப் பதிவை பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டியதும் அவர் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒற்றைக் காலில் படியேறி இறங்கும் பயிற்சியை எழுதிக் கொடுத்தார்.

அசியோமாவின் துல்லியம் பிளஸ் மைனஸ் 1 சதவீதம் என்று நிறுவனம் சொல்கிறது. வீட்டுக்குள் சைக்கிளை மாட்டி ஓட்டும் என் டிரெய்னரோடு ஒப்பிட்டால் பெடல் இரண்டு மூன்று வாட் கூடக் காட்டும். அது பிழை இல்லை. பெடலில் போகும் சக்தியில் கொஞ்சம் சங்கிலியும் பல்சக்கரங்களும் எடுத்துக்கொள்ளும், டிரெய்னர் மிச்சத்தை அளக்கிறது. ஒரு பழக்கம் மட்டும் கட்டாயம் வேண்டும்: கிளம்புமுன் பெடலில் கால் வைக்காமல் கேலிப்ரேஷன் செய்வது, அதாவது பூஜ்ஜியத்தைச் சரிபார்ப்பது. ஏசி அறையில் சைக்கிளை வைத்திருப்பவர்கள் வெளியே கொண்டுவந்து பத்து நிமிடம் விட்ட பிறகு செய்யுங்கள். வெப்பநிலை மாறினால் உலோகத்தின் பூஜ்ஜியமும் நகரும். இந்தப் பெடல் வெப்பநிலை மாற்றத்தைத் தானே ஈடுகட்டும். இருந்தாலும் நான் இந்தப் பத்து நிமிடத்தை விடுவதில்லை. அந்த நேரத்தில் டயருக்குக் காற்று அடித்துவிடலாம்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அச்சோடு ஒட்டிய முண்டு ஒன்று கிராங்கை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும். சில கிராங்குகளில் அது உரசாமல் இருக்க வாஷர் போட வேண்டும். 2025-இல் வந்த ப்ரோ ஆர்எஸ் மாடலில் அந்த முண்டு இல்லை. ஷூவின் அடியில் பெடலோடு பூட்டும் கிளீட், லுக் கியோ வகை. டீக்கடைக்கு நடந்து போகிறவர்கள் கிளீட் கவர் ஒன்று பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி 50 மணி நேரம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணமான பிரெவேயில், 600 கிலோமீட்டருக்குக் கெடுவே 40 மணி நேரம்தான்.

ஹேண்டில்பாரில் மாட்டி எண்களைப் பார்க்கும் சைக்கிள் கம்ப்யூட்டர் விஷயத்தில் இவ்வளவு நீட்டத் தேவையில்லை. பவர் மீட்டரின் எண் எந்தக் கம்ப்யூட்டரில் பார்த்தாலும் அதே எண்தான். ஏஎன்டி பிளஸ் என்ற வயரில்லா இணைப்பு இருக்கும் பிரைட்டன், ஐஜிபிஸ்போர்ட், வாகூ எதுவும் காட்டும். கைச் செலவு கணக்கென்றால் காசைப் பெடலில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைச் சாதாரணமாக வாங்குங்கள். நான் கார்மின் எட்ஜ் 540 எடுத்ததற்குக் காரணம் பட்டன்கள். கூட ஓட்டும் தோழி ஒருத்தியின் தொடுதிரைக் கருவியை ஒரு மே மாதக் காலையில் வாங்கிப் பார்த்தேன். வேர்வை விரலால் தேய்த்தால் எங்கெங்கோ போனது, புருவத்திலிருந்து சொட்டிய துளி ஒன்று தானாகவே பக்கத்தைத் திருப்பியது. 540-இல் ஏழு பட்டன், கண்ணால் பார்க்காமலே அழுத்தலாம். ஏற்றம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கிளைம்ப்ப்ரோ, வழித்தடம் ஏற்றாமலே வேலை செய்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அது காட்டும் மிச்ச ஏற்றத்தையும் வாட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். முதல் மூன்று வளைவில் 165-ஐத் தாண்டவே விடவில்லை. கடைசி வளைவிலும் அதே 165 காலில் இருந்தது.

பேட்டரி 26 மணி நேரம் என்கிறார்கள். 400 பிரெவேக்கு மேல் போனால் பவர்பேங்க் கட்டாயம். வாங்கியதும் மூன்று அமைப்புகளை மாற்றுங்கள். பதிவை ஒரு நொடிக்கு ஒருமுறை என்று வையுங்கள், ஸ்மார்ட் பதிவு வேண்டாம். பவர் சராசரியில் மிதிக்காத நொடிகளின் பூஜ்ஜியங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். திரையில் அந்த நொடியின் பவருக்குப் பதில் மூன்று நொடிச் சராசரியைப் போடுங்கள், இல்லாவிட்டால் எண் துள்ளுவதிலேயே கண் போய்விடும்.

யாருக்கு எது? காலில் அடிபட்ட வரலாறு உள்ளவர்கள், ஒரு கால் குட்டை நெட்டை என்று சைக்கிளை உடம்புக்கு அளவெடுக்கும் பிட்டிங்கில் தெரிந்தவர்கள் இடது மட்டும் அளக்கும் கருவியின் பக்கமே போகாதீர்கள். ஸ்பைடர் வகைகூட மொத்தத்தைச் சரியாகச் சொல்லும். அப்படி எதுவும் இல்லை, காசு இடிக்கிறது என்றால், இடது பெடலில் மட்டும் சென்சார் உள்ள அசியோமா உனோவில் தொடங்கலாம். பிறகு வலது பெடலை வாங்கிச் சேர்த்து டுவோ ஆக்கிக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குப் பெடல்தான் சரி, ஐந்து நிமிடத்தில் கழற்றி மாட்டிவிடலாம்.

எட்டு மாதம் படியேறி இறங்கியாகிவிட்டது. போன ஞாயிறு மாமல்லபுரம் போய்த் திரும்பியதில் கடைசி மணி நேரத்தின் இடது வலது 48-க்கு 52. டிசம்பரில் 300 கிலோமீட்டர் பிரெவே ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.