போர்டு செத்த கதை: செங்கல்பட்டிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் வரை

டொராண்டோவிலிருந்து வரும்போது அண்ணன் மகனுக்கு ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600 பிராசசர் ஒன்று வாங்கி வந்தேன். செங்கல்பட்டு வீட்டில் அவன் வைத்திருப்பது பி450 சிப்செட் உள்ள மதர்போர்டு. 2018-இல் வந்த சிப்செட் என்பதால், 5000 வரிசை பிராசசரை அது அடையாளம் கண்டுகொள்ள முதலில் பயாஸை, அதாவது ஆன் செய்ததும் கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருளை, புதுப்பிக்க வேண்டும். பழைய பிராசசர் இருக்கும்போதே பென் டிரைவைச் சொருகி நான்தான் ஆரம்பித்தேன். "சித்தப்பா, யுபிஎஸ் பேட்டரி வீக்கா இருக்கு" என்று அவன் சொல்லத்தான் செய்தான். அஞ்சு நிமிஷ வேலைடா என்றேன். அறுபது சதவீதத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் ஒருமுறை கீச்சிட்டுவிட்டு அதுவும் படுத்துவிட்டது.

கரண்ட் வந்தபின் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் இல்லை. வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தோம். அதனால் செட்டிங்ஸ் மட்டும்தான் அழியும். பாதியில் நின்ற பயாஸ் இருப்பது தனி ஃப்ளாஷ் சிப்பில். பென் டிரைவிலிருந்து நேரடியாக ஏற்றிக்கொள்ளும் ஃப்ளாஷ்பேக் பட்டன் சில போர்டுகளில் உண்டு. இதில் இல்லை.

மறுநாள் கம்பெனி சர்வீஸ் சென்டர். ஏசி, டோக்கன், ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. "வாரண்டி முடிஞ்சிடுச்சு சார், வேற போர்டு வாங்கிடுங்க." சிப்பில் மட்டும் எழுதித் தர முடியாதா என்றதற்கு, அந்த வேலை இங்கே செய்வதில்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் போர்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை.

அதற்கடுத்த நாள் மின்சார ரயிலில் எழும்பூர் வந்து, ஆட்டோவில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். மூன்று கடையில் விசாரித்தபின் ஒருவர் கையைக் காட்டிய இடம், இரண்டு பேர் எதிரெதிரே ஏற முடியாத மாடிப்படி. மேலே ஒரு மேசை, ஒரு லென்ஸ் விளக்கு, ஐம்பது வயதுக்காரர் ஒருவர். நாங்கள் நீட்டியது துணிக்கடைப் பை. "ஸ்டேட்டிக் கரண்ட் அடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று முதலில் அதற்குத்தான் திட்டு விழுந்தது.

பயாஸ் இருப்பது எட்டுக் கால் சிப், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. லென்ஸுக்கு அடியில் வைத்து எண்ணை வாசித்தார்: 25கியூ128 எஃப்டபிள்யூ. "எஃப்வின்னா 3.3 வோல்ட். இது எஃப்டபிள்யூ, 1.8. நேராப் போட்டா போயிடும்" என்று இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன அடாப்டரை எடுத்து, சிப்பைப் படித்து எழுதும் சிஎச்341ஏ புரோகிராமரில் சொருகினார். கிளிப்பைச் சிப்பின் மேல் கவ்வ வைத்தார், புரோகிராமருக்குச் சிப் தெரியவில்லை. போர்டில் இருக்கும் மற்றவையும் அந்த மின்சாரத்தை இழுப்பதால் சில சமயம் அப்படித்தான் ஆகும் என்றபடியே, ஹாட் ஏர் காட்டி சிப்பையே தூக்கிவிட்டார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

எழுதுவதற்கு முன் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கெட்டுப்போன சிப் என்று தெரிந்தும் அதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டு, சேமித்து வைத்தார். சில போர்டுகளில் சீரியல் எண்ணும் நெட்வொர்க் முகவரியும் அதற்குள்தான் இருக்கும். கம்பெனி தரும் பயாஸ் கோப்பை அப்படியே கொட்டினால் அழிந்துவிடும். கோப்பின் அளவையும் பார்த்தார். 16 எம்பிக்கு ஒரு பைட் கூடினாலும் முன்னால் தலைப்பகுதி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தமாம், அதை வெட்டிவிட்டுத்தான் எழுத வேண்டுமாம். பிறகு அழித்தல், எழுதுதல், சரிபார்த்தல். இந்த இடைவெளியில் டீ வந்தது.

சிப்பைத் திரும்ப ஒட்டி, புதுப் பிராசசரை மாட்டி ஆன் செய்தார். திரை கறுப்பாகவே இருந்தது. அண்ணன் மகன் பவர் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனான். "கை வைக்காதப்பா, ரேமைப் பழகிக்கிட்டு இருக்கு." ஒரு நிமிடம் கழித்து எழுத்து வந்தது: புதுப் பிராசசர், பழைய எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி) சாவியை அழிக்கலாமா, ஒய்யா (Y) என்னா (N)?

"பிட்லாக்கர் போட்டிருக்கியா?" "இல்ல அண்ணா." "அப்ப ஒய்." விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அந்தச் சாவி தேவைப்படும்.

எழுநூறு ரூபாய். பில் கேட்டேன், சிரித்தார். அதில் எனக்குக் குறைதான். நாளைக்கு ஏதாவது ஆனால் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. படி இறங்கி, அதே தெருவில் யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று வாங்கினோம். செங்கல்பட்டு வரை அதை நான் தூக்கி வந்தேன். போர்டைத் தொட அவன் விடவில்லை.