ஃப்ராக்டல் எல்லையை அளக்க: கட்டமா, ஜோடிப் புள்ளியா?

மூன்று மூலங்கள் உள்ள சமன்பாட்டில் நியூட்டன் முறையை (ஒரு ஊகத்தில் தொடங்கி, படிப்படியாகத் திருத்தி மூலத்தை நெருங்கும் வழி) ஓட்டி, எந்தத் தொடக்கப் புள்ளி எந்த மூலத்துக்குப் போகிறது என்று நிறம் பூசினால், நிறங்களின் எல்லை ஃப்ராக்டலாக, அதாவது எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் நெளிவு தீராததாக இருக்கும். அதன் பரிமாணத்தை (எல்லை எவ்வளவு சிக்கலானது என்று சொல்லும் எண்; சாதாரணக் கோட்டுக்கு 1, தளத்துக்கு 2) எப்படி அளப்பது? தளத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எல்லை தொடும் கட்டங்களை எண்ணலாம், அல்லது 1983-ல் கிரெபோகி, ஆட், யார்க் குழுவினர் எழுதிய ஜோடி முறை.

வேலை
கட்டம்: 1000-க்கு 1000 என்றால் 10 லட்சம் ஓட்டம். நான்கு பரிமாண அமைப்புக்கு லட்சம் கோடி, நடக்கிற காரியமா?
ஜோடி: எதேச்சையாக ஒரு புள்ளி, எப்சிலான் என்ற மிகச் சிறிய தூரத்தில் இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு இடம் சேர்ந்தால் 'நிச்சயமற்றது' என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான்.

துல்லியம்
கட்டம்: கட்டத்தைவிட மெல்லிய இழைகள் தப்பிவிடும்.
ஜோடி: எப்சிலான் சிறுத்தால் நிச்சயமற்றவை அரிதாகும், நிறைய ஜோடிகள் வேண்டும்.

கிடைப்பது
கட்டம்: பரிமாணம், கூடவே அழகான படம்.
ஜோடி: நிச்சயமற்ற ஜோடிகளின் பங்கு, எப்சிலானின் ஆல்ஃபா அடுக்காகக் குறையும்; அந்த ஆல்ஃபாதான் அளந்து கிடைக்கும் எண். தளத்தில் எல்லையின் பரிமாணம் 2 கழித்தல் ஆல்ஃபா. ஆல்ஃபா 0.2 என்றால் பரிமாணம் 1.8. அப்புறம் பாருங்கள், அந்தப் பங்கைப் பாதியாக்கவே தொடக்க அளவீடு 32 மடங்கு துல்லியமாக வேண்டும்! ஒரு புள்ளி எங்கே போய்ச் சேரும் என்ற கணிப்பு எவ்வளவு கடினம் என்பதை இந்த எண் நேரடியாகச் சொல்லிவிடுகிறது.

இரு பரிமாணம், முதல் பார்வை என்றால் கட்டம் போதும். பரிமாணம் கூடினாலோ, கணிப்புதான் கேள்வி என்றாலோ ஜோடி முறைதான்.