11 வருடமாக ஒரே கிரெடிட் கார்டு: என் அனுபவம்

நான் கிரெடிட் கார்டு வாங்கி 11 வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு முறை காலாவதியாகிப் புதுக் கார்டு வந்தது. ஒரு முறை நானே பிளாக் செய்து நம்பரை மாற்றினேன். கணக்கு மட்டும் அன்று தொடங்கியதுதான். இந்தக் கார்டுக்காக நான் கட்டிய வட்டி முழுவதும் முதல் இரண்டு வருடத்துக்குள் கட்டியது. அதற்குப் பிறகு ஒரு சல்லிக்காசு வட்டியாகப் போகவில்லை. என்ன மாறியது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

கார்டு வாங்கலாமா வேண்டாமா என்று யாராவது கேட்டால், ஸ்டேட்மென்ட் தேதி (அந்த மாதக் கணக்கை முடித்துப் பில் போடும் நாள்), டியூ தேதி (அந்தப் பில்லைக் கட்ட வேண்டிய கடைசி நாள்) இந்த இரண்டையும் புரிந்துகொண்டீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். மாதாமாதம் 5-ம் தேதி ஸ்டேட்மென்ட், 25-ம் தேதி டியூ என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-ம் தேதி வாங்கிய பொருள் அடுத்த மாத ஸ்டேட்மென்டில்தான் வரும், அந்த ஸ்டேட்மென்ட் வரும் மாதம் 25-ம் தேதி பணம் கட்டினால் போதும். கிட்டத்தட்ட 49 நாள் வட்டியில்லாக் கடன். அதே பொருளை 4-ம் தேதி வாங்கினால் 21 நாள்தான் கிடைக்கும். பெரிய செலவை இரண்டு நாள் தள்ளிப்போட முடிந்தால் நான் தள்ளிப்போடுவேன். கார்டின் உண்மையான லாபம் இதுதான். ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக் எல்லாம் இதற்குப் பிறகு.

இந்த லாபம் ஒரு நிபந்தனையோடு வருகிறது. மொத்த பாக்கியையும் கட்டியிருக்க வேண்டும். இரண்டாம் வருடம் ஒரு லேப்டாப் வாங்கிவிட்டு, ஏழு மாதம் மினிமம் டியூ (பில்லில் குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்லும் சிறு பகுதி) மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். லேட் ஃபீஸ் வரவில்லை, கஸ்டமர் கேரிலிருந்து போனும் வரவில்லை, அதனால் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தேன். ஏழாவது மாதம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோதுதான் பாக்கி குறையவே இல்லை என்று தெரிந்தது.

போன வருடம் என் தம்பியும் அதே இடத்தில் நின்றான். "அக்கா, அவங்க கேட்ட மினிமம் டியூவை கரெக்டா கட்டிட்டேன். அப்புறம் எதுக்கு வட்டி போட்டிருக்காங்க?" என்று கேட்டான். அவனுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பாக்கி 100, மாத வட்டி 3.5 சதவீதம், மினிமம் டியூ 5 சதவீதம். முதல் மாதம் வட்டி சேர்ந்து 103.50 ஆகிறது. அதில் 5 சதவீதம் என்றால் 5.18 கட்டுகிறோம். மீதி 98.32. ஐந்துக்கு மேல் கட்டியும் கடன் இரண்டு கூடக் குறையவில்லை. இப்படியே போனால், புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தாலும், பாக்கி பாதியாகக் குறைய 41 மாதம் ஆகும். அதற்குள் கட்டிய தொகை 154-ஐத் தாண்டியிருக்கும், இன்னும் 50 பாக்கி நிற்கும். தம்பி அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தான்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பாக்கி வைத்தால் பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு மாதம் முழுத்தொகை கட்ட முடியாமல் போனால், பாக்கி தீரும்வரை அந்தக் கார்டை நீட்டவே கூடாது. மாத வட்டி 3.5 என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வட்டிக்கு வட்டி சேர்த்தால் வருடத்துக்கு 51 சதவீதம். என் லேப்டாப் பாக்கி அப்படிக் குறையாமல் நின்றபோது நான் வேறு இடத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிக் கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைத்தேன், மறுநாளே முழுத்தொகைக்கு ஆட்டோ டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாடு) போட்டேன். ஆட்டோ டெபிட் போடும்போது கவனம்: மினிமம் டியூ, மொத்த டியூ என்று இரண்டு தேர்வு இருக்கும்.

ஏடிஎம்மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுத்ததே இல்லை. கட்டணம் தனி, வட்டியும் எடுத்த நொடியிலிருந்து.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வருடம் ஒரு ராத்திரி, நான் கேள்விப்படாத ஒரு கடையின் பெயரில் மிகச் சிறிய தொகை ஒன்று போனதாக மெசேஜ் வந்தது. தொகை சின்னது என்று விட்டுவிடத்தான் தோன்றியது. ஆனால் திருடிய நம்பர் வேலை செய்கிறதா என்று முதலில் இப்படித்தான் சின்னதாகத் தட்டிப் பார்ப்பார்கள். உடனே ஆப்பில் கார்டை பிளாக் செய்தேன். பிளாக் செய்த கொஞ்ச நேரத்தில் பெரிய தொகைக்கு ஒரு முயற்சி வந்து நிராகரிக்கப்பட்டது. மறுநாள் காலை எழுத்துப்பூர்வமாக டிஸ்ப்யூட் (இந்தச் செலவு நான் செய்ததில்லை என்ற மறுப்பு) போட்டு, மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டையும் புகார் எண்ணையும் பத்திரப்படுத்தினேன். சில வாரங்களில் பணம் திரும்பி வந்தது. புகாரை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நம் பக்கம் பலம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு போன்தான் என்னை இன்னும் உலுக்கியது. "மேடம், உங்க ரிவார்டு பாயின்ட் இன்னிக்கு ராத்திரியோட காலாவதி ஆகுது" என்று ஒருவர் மிக மரியாதையாகப் பேசினார். என் பெயரைச் சொன்னார், கார்டின் கடைசி நான்கு எண்ணைச் சொன்னார். ஒரு கணம் நம்பிவிட்டேன். யோசித்துப் பாருங்கள், கடைசி நான்கு எண் ஒவ்வொரு ரசீதிலும் அச்சாகி வருகிறது. முதல் 6 அல்லது 8 எண் கார்டு கொடுத்த நிறுவனத்தைக் குறிப்பது, அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே 16-ல் பாதிக்கு மேல் யாருக்கும் தெரியக்கூடியதுதான். அதைச் சொன்னதால் அவர் வங்கிக்காரர் ஆகிவிட மாட்டார். அடுத்து அவர் ஓடிபி கேட்டார். கையில் வந்த மெசேஜைப் படித்தால், அதிலேயே ஒரு தொகையும் ஒரு கடைப் பெயரும் இருந்தது. நமக்குப் பணமோ பாயின்ட்டோ வருவதற்கு நம் ஓடிபியை இன்னொருவரிடம் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. போனை வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு நானே கூப்பிட்டுக் கேட்டேன். அப்படி யாரும் அழைக்கவில்லை என்றார்கள்.

பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவியை மனப்பாடம் செய்துவிட்டு, அதன்மேல் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். கார்டு ஒரு நிமிடம் பிறர் கையில் இருந்தாலும் அந்த எண் கண்ணில் படாது. கறுப்புப் பட்டையைத் தேய்ப்பதைவிட சிப்பைச் செருகுவதையே விரும்புகிறேன். பட்டையில் இருப்பது மாறாத தகவல், நகல் எடுத்துவிடலாம். சிப் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பில் அணைத்தே வைத்திருக்கிறேன், தேவைப்படும் அன்று திறந்து மறுபடி மூடிவிடுவேன்.

ஸ்டேட்மென்ட் வந்த அன்று ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வரி வரியாகப் படித்துவிடுவேன். ஒரு மாதம் அப்படிப் படித்தபோது, இலவச சோதனைக் காலத்துக்காகச் சேர்ந்த ஒரு சந்தா 14 மாதமாக ஓடிக்கொண்டிருப்பதைப் பிடித்தேன். கார்டு மாறினால் சந்தா தானாக நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காமலும் போகலாம். புது நம்பரைக் கடைக்காரருக்குத் தானே தெரிவிக்கும் ஏற்பாடு கார்டு நெட்வொர்க்குகளிடம் உண்டு. சந்தாவை அந்தத் தளத்திலேயே போய் ரத்து செய்ய வேண்டும்.

லிமிட்டை (கார்டில் செலவு செய்யக்கூடிய உச்ச வரம்பு) கூட்டித் தருகிறோம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு முறை ஒத்துக்கொண்டேன். செலவு லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கு (கடனை எப்படிக் கையாள்கிறோம் என்று காட்டும் மதிப்பெண்) நல்லது என்பது பொதுவான கணக்கு, அதற்காக. செலவு கூடிய மாதத்தில் அந்த அளவைத் தாண்டாமலிருக்க, டியூ தேதிவரை காத்திராமல், ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுகிறேன்.

அடுத்த மாதம் இந்தக் கார்டு மறுபடி காலாவதியாகிறது. பழையதை சிப்பின் குறுக்கே வெட்டி இரண்டு குப்பைத்தொட்டியில் தனித்தனியாகப் போடுவேன். இப்போது ஏழு தளங்களில் கார்டு சேமிப்பில் இருக்கிறது. புதியது வந்ததும் இரண்டே இடத்தில் மட்டும் சேர்ப்பதாக இருக்கிறேன்.