மஞ்சள் அட்டையை ஏஜெண்டிடம் வாங்காதீர்கள்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மாடியில் ஒரு டிராவல்ஸ் இருக்கிறது. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை. வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு 'ஹெல்த் அண்ட் சேஃப்டி பேக்கேஜ்' என்று ஒன்றை 18,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். தடுப்பூசி, இன்சூரன்ஸ், போகிற நாட்டைப் பற்றிய பாதுகாப்பு அறிக்கை எல்லாம் அதில் அடக்கமாம். என் அக்கா மகனுக்கு அதை வாங்கினோம். கொடுத்த காகிதத்தில் ஒன்றுகூட உருப்படி இல்லை. ஆப்பிரிக்கா பக்கம் வேலைக்குக் கிளம்புகிற பையன் உங்கள் வீட்டில் இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மருமகனுக்கு உகாண்டாவில் வேலை. கம்பாலாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஸ்டோர் கணக்கு பார்க்க வேண்டும், இரண்டு வருட ஒப்பந்தம். தெரிந்தவர் மூலம் வந்த வேலை, அதில் குறை ஒன்றும் இல்லை. டிக்கெட் போடத்தான் அந்த மாடிக்கு ஏறினோம்.

"அண்ணாச்சி, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட கார்டு இல்லாம உகாண்டாவுக்குள்ள விடமாட்டான்" என்றார் ஏஜெண்ட். இது உண்மை. பொய் அடுத்த வரியில் வந்தது. "அந்த ஊசிக்கு மெட்ராஸ் கிண்டிக்குப் போய்க் கிடக்கணும். நம்மகிட்ட பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கொடுத்துட்டா போதும், தம்பி அலைய வேண்டாம்."

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், சரி. சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஆனால் தூத்துக்குடியிலும் போடுகிறார்கள் என்பதை அவர் சொல்லவே இல்லை. புதுத் துறைமுகத்தில் மத்திய அரசின் துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் பஸ் ஏறினால் காலையில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். தனியார் கிளினிக் எதுவும் தன் இஷ்டத்துக்கு இந்த ஊசியைப் போட்டு அட்டை கொடுக்க முடியாது. அரசு அங்கீகரித்த மையங்கள் மட்டும்தான் கொடுக்கலாம், அந்தப் பட்டியல் மத்திய சுகாதார அமைச்சக இணையதளத்தில் இருக்கிறது.

அட்டை வந்தது. மஞ்சள் நிறம், வட்ட முத்திரை, டாக்டர் கையெழுத்து, மருந்தின் பேட்ச் எண், எல்லாம் கச்சிதம். ஊசி மட்டும் போடவில்லை. அக்காதான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏல, இந்தத் தேதி ஆனித் தேரோட்டம்லா? அன்னைக்கு நீ ரத வீதியில வடம் புடிச்சிக்கிட்டு நின்னேல்லா? மெட்ராஸ்ல எப்படி ஊசி போட்டான்?" என்றாள். நெல்லையப்பர்தான் காப்பாற்றினார் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதில் மறுப்பு இல்லை.

ஏஜெண்டைக் கேட்டால் சிரிக்கிறார். "அங்க யாரு அண்ணாச்சி ஊசி போட்ட தழும்பையா பாக்கப் போறான்? கார்டைத்தான் பாப்பான்." அவர் நினைப்பில் அது வெறும் கேட் பாஸ். கொசு மூலம் பரவுகிற மஞ்சள் காய்ச்சல் கடுமையாகிவிட்டால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும், அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. அட்டையைப் பார்த்துக் கொசு கடிக்காமல் போய்விடுமா?

இந்தியா திரும்பும்போதும் இதே அட்டையைக் கேட்பார்கள். செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். அவ்வளவு கறார் ஏன் என்றால், அந்த வைரஸ் நம் நாட்டில் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருவெல்லாம் இருக்கிறது. நம் வீட்டுக் குடத்திலும் தொட்டியிலும் முட்டையிட்டு டெங்குவைப் பரப்புகிற அதே கொசுதான்.

பிறகு நானே அவனைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனேன். முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். மருந்துக் குப்பியைத் திறந்தால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் ஆள் சேர்த்துக் குறிப்பிட்ட நாளில் போடுகிறார்கள். ஊசிக்கு முன்னால் டாக்டர் கேட்ட கேள்விகள்: முட்டை ஒத்துக்கொள்ளுமா, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறாயா, எதிர்ப்புச் சக்தி குறைகிற நோய் ஏதும் உண்டா. இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிக்கிற ஊசி, எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. 60 வயது தாண்டியவர்களுக்கும் யோசித்துத்தான் போடுவார்கள். ஏஜெண்ட் இதில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போடாத ஊசிக்கு எதற்குக் கேள்வி!

ஊசி போட்ட 10-ஆவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். 2016 ஜூலைக்குப் பிறகு அது ஆயுளுக்கும் செல்லும், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த 10 நாள் கணக்கில்தான் எங்கள் டிக்கெட் மாட்டிக்கொண்டது. தேதி மாற்றக் கட்டிய பணம் தனி.

அடுத்தது மலேரியா. பேக்கேஜில் 'மலேரியா தடுப்பூசி' என்று ஒரு வரி. அதற்காக ஒரு சின்ன கிளினிக்குக்கு அனுப்பி அவன் கையில் ஒரு ஊசியும் போட்டார்கள். என்ன ஊசி என்று அவன் கேட்டதற்கு நர்ஸ் பாவம் உள்ளதைச் சொல்லிவிட்டாள்: "டி.டி. தாண்ணே." காயம் பட்டால் போடுகிற டெட்டனஸ் ஊசி.

மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்திருப்பது நிஜம். 2021-இல் ஒன்றையும் 2023-இல் இன்னொன்றையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, இரண்டாவதைத் தயாரிப்பது புனேயில் இருக்கிற சீரம் நிறுவனம். ஆனால் இரண்டுமே மலேரியா பகுதியில் வளரும் குழந்தைகளுக்கானவை. நம்மைப் போல் இங்கிருந்து போகிற பெரியவர்களுக்கு மாத்திரைதான். டாக்சிசைக்ளின் என்றால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, மலேரியா பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம் விழுங்க வேண்டும். வருடக்கணக்கில் தங்குகிறவனுக்கு எது, எவ்வளவு நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்து தோய்த்த கொசுவலையும், காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். அங்கே அதிகம் இருப்பது ஃபால்சிபாரம் வகை, தாமதித்தால் மூளையைப் பிடிக்கும். ஊருக்கு லீவில் வந்திருக்கும்போது காய்ச்சல் வந்தாலும், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியோ தெருமுனை டாக்டரோ, முதல் வார்த்தையாக 'உகாண்டாவிலிருந்து வந்திருக்கிறேன்' என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் டெங்கு, வைரல் காய்ச்சல் என்று நாள் கடந்துவிடும்.

இனி அந்தப் பாதுகாப்பு அறிக்கை. வழவழ தாளில் மூன்று பக்கம், முதல் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி. அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 108 என்று போட்டிருந்தது. கம்பாலாவில் நின்றுகொண்டு 108-ஐ அழைத்தால் யார் வருவார்கள்? அங்கே போலீஸ் எண் 999, 112-உம் உண்டு. 'தொற்றுநோய் எதுவும் கிடையாது' என்று இன்னொரு வரி. 2025 ஜனவரி கடைசியில் கம்பாலாவிலேயே எபோலா கண்டுபிடிக்கப்பட்டது, முதலில் உறுதியானது முலாகோ அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு நர்ஸுக்கு. ஏப்ரல் 26-இல் அது முடிந்தது என்றும் அறிவித்துவிட்டார்கள். அதனால் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்ததையும் முடிந்ததையும் சேர்த்துச் சொல்வதுதான் அறிக்கை. இது எல்லாம் உலக சுகாதார நிறுவனத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. காங்கோ எல்லையை ஒட்டிய மேற்குப் பகுதியில் ஆயுதக் குழுவின் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன, 2023 ஜூனில் ஒரு பள்ளிக்கூடத்திலேயே புகுந்தார்கள். அதைப் பற்றியும் அறிக்கையில் ஒரு எழுத்து இல்லை.

எங்கள் பையனுக்கு நான் அதிகம் பயந்தது தண்ணீரை நினைத்துத்தான். குறுக்குத்துறையில் தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவன், தண்ணீரைக் கண்டால் சட்டையைக் கழற்றுவான். கம்பாலாவுக்குப் பக்கத்திலேயே விக்டோரியா ஏரி. அதன் கரையோரத் தண்ணீரில் நத்தையிலிருந்து வெளிவரும் ஒருவகைப் புழு நம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். குடிக்கக்கூட வேண்டாம், காலை நனைத்தால் போதும். தடுப்பூசி இல்லை, நோய் வந்த பிறகு மாத்திரை உண்டு. வாய்க்காலும் குளமுமாக வளர்ந்த நம் பக்கத்துப் பையன்களுக்கு இதை யாராவது தனியாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அப்புறம் போடா போடா என்கிற பைக் டாக்ஸி. ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே என்று தினமும் போனில் கத்துகிறேன். "சரி மாமா, சரி மாமா" என்கிறான்.

கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, இன்சூரன்ஸ் தாளில் இருந்த பாலிசி எண்ணைச் சொல்லிக் கேட்டேன். பாலிசி இருக்கிறது, ஆனால் சுற்றுலாவுக்கான 30 நாள் பாலிசி. வேலை பார்க்கப் போகிறவனுக்கு, அதுவும் இரண்டு வருடத்துக்கு, அது செல்லாது. விசா என்ன வகை, எத்தனை நாள், ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நேரடியாகக் கட்டுவார்களா, வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டி வந்தால் செலவு யாருடையது என்று நீங்களே கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது 'சர்வீஸ் முடிந்துவிட்டது' என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகு பாதி வந்தது. மீதிக்காக மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். போலி அட்டைக்காகப் போலீஸில் தனிப் புகார். ரசீதும், 'தம்பி வர வேண்டாம்' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவும் கையில் இருக்கின்றன.

ஊசி போடாமல் வந்த மஞ்சள் அட்டை உங்கள் வீட்டு பீரோவிலும் இருந்தால், கிழித்துப் போடாதீர்கள், அது சாட்சி. விமானத்துக்கு இன்னும் 10 நாளுக்கு மேல் இருக்கிறது என்றால் முதலில் தூத்துக்குடிக்கு போன் போட்டு நாள் வாங்குங்கள், புகாரை அடுத்த நாள் எழுதிக்கொள்ளலாம்.